இறக்குமதியில் சுங்கவரி குறைய வழி: வர்த்தக ஒப்பந்தச் சலுகையை எப்படிப் பெறுவது?

வெளிநாட்டுச் சரக்கு எடுக்கிற சிறு வியாபாரிகள் பலர் சப்ளையரிடம் பத்து சென்ட் குறைக்க வாரக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். ஆனால் அதே சரக்குக்கு அடிப்படைச் சுங்கவரியே இல்லாமல் போக வாய்ப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டிருந்தால் பேரத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு மிச்சமாகியிருக்கும். இந்தியா பல நாடுகளுடன் வர்த்தக ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அந்தச் சலுகை பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் உரியதல்ல. ஒரே ஒரு கன்டெய்னர், ஏன், பாதிக் கன்டெய்னர் எடுப்பவருக்கும் அதே உரிமை உண்டு. ஆனால் அதற்கான காகிதம் சரக்கு கப்பலேறும் சமயத்திலேயே தயாராக வேண்டும். சென்னைத் துறைமுகத்திலோ தூத்துக்குடியிலோ சரக்கு இறங்கிய பிறகு ஓடுவதால் பெரும்பாலும் பலனில்லை.

முதலில் வரிக் கணக்கு. பொருளின் விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்ததுதான் சுங்க மதிப்பு. அது பத்து லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம் என்றால் ஒரு லட்சம். அந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் கட்டணம் 10 சதவீதம், அதாவது பத்தாயிரம். இதெல்லாம் சேர்ந்த 11,10,000 மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி) 18 சதவீதம், 1,99,800. ஆக மொத்தம் 3,09,800 ரூபாய் கட்ட வேண்டும்.

இதில் ஐஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கிற பணம். பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால் அது ஜிஎஸ்டிஆர் 2பி என்ற உங்கள் வரி வரவுப் பட்டியலில் வரும், விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. இறக்குமதி செய்ய நினைக்கும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.) அடிப்படைச் சுங்கவரியும் அதன் கூடுதல் கட்டணமும் அப்படி அல்ல. அந்த 1,10,000 ரூபாய் போனால் போனதுதான், நேராகப் பொருளின் அடக்க விலையில் ஏறிவிடும். ஒப்பந்தச் சலுகை இந்தப் பகுதியைத்தான் குறைக்கிறது. சலுகையில் அடிப்படை வரி பூஜ்யமானால் கூடுதல் கட்டணமும் தானாகப் பூஜ்யமாகிவிடும். ஐஜிஎஸ்டி மட்டும் 1,80,000 கட்டினால் போதும்.

எந்தெந்த நாடுகள்? ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்புடனான ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா எல்லாம் இதில் வரும். தென்கொரியாவுடன் அதே நாளிலிருந்து, ஜப்பானுடன் 2011 ஆகஸ்ட் 1 முதல், ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022 மே 1 முதல், ஆஸ்திரேலியாவுடன் 2022 டிசம்பர் 29 முதல். இலங்கையுடனான ஒப்பந்தம் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சீனாவுடன் நமக்கு இப்படி முழு ஒப்பந்தம் இல்லை. ஆசிய பசிபிக் வர்த்தக ஒப்பந்தம் என்ற பழைய ஏற்பாட்டின்கீழ் சில பொருட்களுக்கு மட்டும் ஓரளவு தள்ளுபடி உண்டு. ஆகவே ஒரே தரத்தில் ஒரே பொருள் சீனாவிலும் வியட்நாமிலும் கிடைக்கிறது என்றால், சீன விலை ஐந்து சதவீதம் குறைவாக இருந்தாலும் வீடு வந்து சேரும் விலையில் வியட்நாம் சரக்கு மலிவாக முடியலாம். கொட்டேஷனை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் இருப்பதால் எல்லாப் பொருளுக்கும் சலுகை என்று நினைத்துவிடவும் கூடாது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு சுங்க அறிவிக்கை உண்டு. ஆசியானுக்கு 46/2011, ஜப்பானுக்கு 69/2011, கொரியாவுக்கு 152/2009, அமீரகத்துக்கு 22/2022, ஆஸ்திரேலியாவுக்கு 62/2022, இலங்கைக்கு 26/2000. பின்னாளில் வந்த திருத்தங்களோடு சேர்த்து இவற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் பொருளின் எச்எஸ் கோடை (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) அதில் தேடினால் வரி பூஜ்யமா, குறைவா, சலுகையே இல்லையா என்று தெரிந்துவிடும். சலுகை இருந்தாலும் வேறு கட்டுப்பாடு இருக்கலாம். மிளகுக்கு 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். இலங்கை மிளகுக்கும் அது பொருந்தியது. அடிமாட்டு விலையில் வந்து குவியும் சரக்கின் மேல் போடும் பொருள்குவிப்புத் தடுப்பு வரி இருந்தால் அதுவும் தனியாக உண்டு, ஒப்பந்தம் அதைத் தடுக்காது.

இப்போது முக்கியமான காகிதத்துக்கு வருவோம். சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின், சுருக்கமாக சிஓஓ. பொருள் உண்மையிலேயே அந்த நாட்டில் விளைந்தது அல்லது அந்த நாட்டில் போதுமான அளவு தயாரானது என்பதற்கான சான்று. இதைச் சப்ளையர் தன் நாட்டின் அதிகாரம் பெற்ற அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். அந்த ஊர் வர்த்தகச் சங்கம் சாதாரணமாகத் தருகிற சான்றிதழும் இதே பெயரில்தான் வரும், ஆனால் அதைக் காட்டி வரிச் சலுகை கேட்க முடியாது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனிப் படிவம் இருக்கிறது. ஆசியானுக்கு ஃபார்ம் ஏஐ. ஆர்டர் போடும்போதே, ‘இந்திய ஒப்பந்தத்துக்கான ஃபார்ம் ஏஐ வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், பர்சேஸ் ஆர்டரிலும் எழுதிவிடுங்கள். ‘சிஓஓ தருவீர்களா’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘தருகிறோம்’ என்றுதான் பதில் வரும். எந்தச் சிஓஓ என்பது சரக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதி இது: பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் ஆறு இலக்க எச்எஸ் கோடும் தயாரான பொருளின் கோடும் வேறாக இருக்க வேண்டும். சீனாவில் செய்த பொருளை வியட்நாமில் பெட்டி மாற்றி அனுப்பினால் அது வியட்நாம் பொருளாகாது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வரி வரியாகப் படியுங்கள். முதலில் ஸ்கேன் நகலை வாங்கிப் பார்த்துச் சரி சொன்ன பிறகு மூலப் பிரதியை அனுப்பச் சொல்வது நல்லது. இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் உங்களிடம் இருக்கிற இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா? எடை பேக்கிங் லிஸ்டோடு ஒத்துப்போகிறதா? அதிலுள்ள ஆறு இலக்க எச்எஸ் கோடும் நீங்கள் பில் ஆஃப் என்ட்ரியில் போடப்போகும் எட்டு இலக்கக் கோடின் முதல் ஆறும் ஒன்றா? சப்ளையர் ஒரு தலைப்பில் போட, நமக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் புரோக்கர் வேறு தலைப்பில் போட்டால் அங்கேயே சிக்கல் ஆரம்பிக்கும். திருத்தம் இருந்தால், வழங்கிய அலுவலகமே அதில் ஒப்பமிட்டிருக்க வேண்டும். சரக்கு ஏறி மூன்று வேலை நாட்களுக்குப் பிறகு வழங்கிய ஃபார்ம் ஏஐ என்றால், பின்னர் வழங்கப்பட்டது என்ற குறிப்பு அதில் கட்டாயம் வேண்டும். பில்லை சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ உள்ள இடைத்தரகர் போட்டிருந்தால், மூன்றாம் நாட்டு இன்வாய்ஸ் என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நிறையக் கன்டெய்னர்கள் கொழும்பில் கப்பல் மாறித்தான் வருகின்றன. ஒப்பந்த விதி நேரடிப் போக்குவரத்து கேட்கிறது. வழியில் கப்பல் மாறலாம், ஆனால் சரக்கில் கை வைத்திருக்கக் கூடாது. புறப்பட்ட துறைமுகத்திலிருந்து தூத்துக்குடி வரை ஒரே பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) இருந்தால் இதைக் காட்டுவது எளிது.

2020 வரை சான்றிதழைக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. மூன்றாம் நாட்டுச் சரக்கு ஒப்பந்த நாடுகள் வழியே பெயர் மாறி வருகிறது என்ற கவலையில் அரசு சுங்கச் சட்டத்தில் 28டிஏ பிரிவைச் சேர்த்தது. அதை ஒட்டி, பொருள் எந்த நாட்டுடையது என்பதைச் சரிபார்க்க வந்த கரோட்டார் விதிகள் 2020 செப்டம்பர் 21 முதல் அமலில் உள்ளன. இப்போது பொருள் எப்படித் தயாரானது என்ற தகவலை இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டும். அதற்கு ஃபார்ம் 1 என்று ஒரு படிவம் இருக்கிறது: என்ன மூலப்பொருள், எங்கிருந்து வந்தது, எந்த விதிப்படி அந்த நாட்டுப் பொருளாகிறது என்றெல்லாம் கேட்கும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஆவணங்களை ஐந்து வருடம் பத்திரப்படுத்த வேண்டும்.

பத்து நாள் என்பது கேட்பதற்கு நிறையத் தெரியும். நேர வித்தியாசமும் மொழிச் சிக்கலும் உள்ள ஒரு தொழிற்சாலையிடம் மூலப்பொருள் விவரம் கேட்டு வாங்க அது போதவே போதாது. அதனால் முன்பணம் அனுப்புவதற்கு முன்பே ஃபார்ம் 1-க்கான விவரங்களைச் சப்ளையரிடம் வாங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் அவருக்கும் ஆர்டர் வேண்டும், கேட்டதைத் தருவார். விலை விவரம் வெளியே போகும் என்று தயங்கினால் ரகசியமான எண்களை விட்டுவிட்டு மற்றதைத் தரச் சொல்லலாம். எதையுமே தர மாட்டேன் என்கிற சப்ளையரை நம்பிச் சலுகைக் கணக்கில் விலை நிர்ணயம் செய்வது ஆபத்து. சந்தேகம் வந்தால் சுங்கத்துறை அந்த நாட்டுக்கே எழுதிக் கேட்கும். அதுவரை வரி வித்தியாசத்துக்கு ஈடு கட்டித்தான் சரக்கை எடுக்க முடியும்.

சலுகை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சுங்க மதிப்பில் ஒரு கசிவை அடைத்துவிடலாம். கப்பல் கட்டணம் எவ்வளவு என்று ஆவணத்தில் காட்ட முடியாவிட்டால், விதிப்படி எஃப்ஓபி விலையில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 20 சதவீதத்தைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸுக்குக் காகிதம் இல்லாவிட்டால் 1.125 சதவீதம். எட்டு லட்ச ரூபாய் எஃப்ஓபி சரக்குக்கு உண்மையான கட்டணம் 40,000 ரூபாயாக இருக்கலாம். பில் கையில் இல்லையென்றால் 1,60,000 என்று சேரும். ஃபிரெய்ட் பில்லையும் இன்சூரன்ஸ் சான்றையும் முன்பே புரோக்கரிடம் கொடுத்துவிட்டால் இந்தக் கூடுதல் வராது. விமானத்தில் வந்தால் உண்மைக் கட்டணம் எவ்வளவு அதிகமானாலும் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பதும் அதே விதிதான். பாதிக் கன்டெய்னர் சரக்குக்கு சிஐஎஃப் விலை (கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்ந்த விலை) மிக மலிவாக வந்தால், இங்கே சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டருக்கும், கன்டெய்னரைப் பிரித்து வைக்கும் சிஎஃப்எஸ் கிடங்குக்கும் கட்டணங்கள் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிய பிறகே சம்மதியுங்கள்.

அப்புறம் நேரம். கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டும். முந்தைய நாள் விடுமுறையாக இருந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இலங்கை, மியான்மர் போன்ற பக்கத்து நாடுகளிலிருந்து புறப்பட்டு வரும் சரக்குக்குக் கப்பல் வந்த நாள் முடியும்வரை நேரம் உண்டு. தாமதமானால் முதல் மூன்று நாளும் தினம் 5,000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000. துறைமுகத்தில் சரக்கு தேங்குவதற்கான டெமரேஜும், கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்புவதற்காகக் கப்பல் கம்பெனி வாங்கும் டிடென்ஷனும் இதோடு தனியாக ஓடும். முப்பது நாள் முன்னதாகவே தாக்கல் செய்ய வசதி இருக்கும்போது இந்தப் பணத்தை இழப்பது மனதுக்கு வருத்தமாக இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஐஇசி (இறக்குமதி, ஏற்றுமதிக்கான அடையாள எண்) விவரங்களைப் புதுப்பிக்காமல் விட்டாலும் எண் முடங்கி, சரக்கு துறைமுகத்தில் நின்றுபோகும். அந்த மாதங்களில் புதுப்பிக்கக் கட்டணம் கிடையாது.

இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போட்டால் செலவு மிச்சம் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அதே பொருளை மற்றவர்கள் என்ன விலைக்கு எடுத்தார்கள் என்ற தரவு சுங்கத்துறையிடம் இருக்கிறது. வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் ஐந்து வருடம் பின்னோக்கி நோட்டீஸ் வரும், கட்டாத வரி அளவுக்கு அபராதமும் வரும், சரக்கும் பறிமுதலாகலாம். சட்டமே வரியைக் குறைக்க வழி கொடுத்திருக்கும்போது இது தேவையில்லாத வேலை.

ஏற்றுமதியும் செய்கிற திருப்பூர், கோவை யூனிட்களுக்கு வேறு கதவுகளும் உண்டு. இயந்திரத்தை இபிசிஜி என்ற ஏற்றுமதியாளர் திட்டத்தில் சுங்கவரி இல்லாமல் எடுக்கலாம். மிச்சமான வரியைப் போல ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு வருடத்தில் காட்ட வேண்டும். மூலப்பொருளை வரியில்லாமல் எடுக்க அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் என்ற அனுமதி இருக்கிறது. இவை தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரியவை.

எச்எஸ் கோடிலோ, பொருள் எந்த நாட்டுக் கணக்கில் வரும் என்பதிலோ குழப்பம் தீரவில்லை என்றால் சரக்கு வருவதற்கு முன்பே முன்தீர்ப்பு கேட்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் அதற்கான சுங்க முன்தீர்ப்பு ஆணையங்கள் இருக்கின்றன. விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய், தீர்ப்பு மூன்று மாதத்தில் வர வேண்டும். சட்டமோ உண்மை நிலையோ மாறாதவரை சில வருடங்களுக்குச் செல்லும். ஒரே பொருளைத் தொடர்ந்து எடுக்கத் திட்டமிடுபவர்கள் முதல் கன்டெய்னருக்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.