வே பிரிட்ஜ்ல சீரியல் போர்ட்டுக்கு ஒரே ஒரு புரோகிராம்தான் ஓனரா இருக்கணும்

மணலி, மாதவரம், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் வே பிரிட்ஜ்களுக்கு (லாரியை அப்படியே ஏத்தி எடை போடுற மேடை) சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்து சர்வீஸ் பாக்கிறதுதான் என் தொழில். இங்க திரும்பத் திரும்ப கண்ணுல படுற ஒரு தப்பைப் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா இதுல அடிபடுறது லாரிக்காரங்க காசு.

எடையைக் காட்டுற பெட்டியான இன்டிகேட்டர்ல இருந்து கம்ப்யூட்டரோட சீரியல் போர்ட்டுக்கு (விண்டோஸ்ல காம் போர்ட்னு சொல்றது) வர்றது ஒரே ஒரு ஆர்எஸ்-232 கேபிள். ஆனா எடை பில் போடுற புரோகிராமுக்கும் வேணும், டிரைவர் பாக்கிற வெளி டிஸ்ப்ளேவுக்கும் வேணும், இப்போல்லாம் கேமரா புரோகிராமுக்கும் வேணும். விண்டோஸ்ல ஒரு புரோகிராம் காம் போர்ட்டை ஓபன் பண்ணிட்டா அடுத்ததுக்கு ஆக்சஸ் டினைட்னு வந்துடும், அது நல்லதுதான், பிரச்சினை அப்பவே தெரிஞ்சிடுது. லினக்ஸ்ல அப்படி இல்லங்க. ரெண்டுமே ஓபன் ஆகும், எர்ரர் எதுவும் வராது, வர்ற பைட்டை (ஒரு எழுத்து அளவு டேட்டா) யார் முதல்ல ரீட் பண்றாங்களோ அவங்களோட போயிடும், இன்னொருத்தருக்கு காப்பி கிடையாது. இன்டிகேட்டர் 24560னு அனுப்புது, நடுவுல அந்த 5 மட்டும் டிஸ்ப்ளே புரோகிராம் கையில சிக்கிடுது, பில்லுல 2460 கிலோன்னு விழுது. வெறும் நம்பரைப் பொறுக்கி எடுக்கிற புரோகிராமுக்கு இதுல சந்தேகமே வராது.

அதனால ஒரு ரீட்ல முழு எடையும் வந்துடும்னு நம்பாதீங்க. செகண்டுக்கு 9600 பிட் ஸ்பீடுல ஒரு எழுத்து வரவே சுமாரா 1 மில்லிசெகண்ட் ஆகும், பாதியிலயே ரீட் திரும்பிடும். ஆரம்ப பைட், முடிவு பைட், நீளம், செக்சம் (டேட்டா தப்பில்லாம வந்துச்சான்னு பாக்கிற எண்) இருந்தா அதுவும், எல்லாம் சரியா இருந்தாத்தான் எடுக்கணும், இல்லன்னா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குக் காத்திருங்க.

போர்ட்டை பின்னணியில ஓடுற ஒரே ஒரு சின்ன சர்வீஸ் புரோகிராம் கையில குடுங்க, வேற புரோகிராம் அதை ஓபன் பண்ண முடியாதபடி எக்ஸ்க்ளூசிவ் லாக் போடுங்க (ரூட்டா, அதாவது முழு அட்மின் உரிமையோட ஓடுற புரோகிராமை அது தடுக்காது, அதையும் ஞாபகம் வைங்க). மத்த புரோகிராமெல்லாம் லோக்கல் டிசிபி சாக்கெட்ல (ஒரே கம்ப்யூட்டருக்குள்ள புரோகிராம்கள் பேசிக்கிற வழி) அந்த சர்வீஸ்கிட்ட கேட்டு வாங்கட்டும். ஜீரோ, டேர் (வண்டியோட வெறும் எடையைக் கழிக்கிறது) மாதிரி இன்டிகேட்டருக்கு அனுப்புற கமாண்டும் அது வழியாத்தான், ஒண்ணு முடிஞ்சு பதில் வந்தப்புறம் அடுத்தது.

இதை ஒழுங்கா செஞ்சவங்களும் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு. கேபிள் லூஸ் ஆயிடுச்சுன்னா சர்வீஸ் கடைசியா வந்த எடையையே கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துக்கிட்டு இருக்கும், முன்னாடி போன லாரி எடை அடுத்த லாரி பில்லுல ஏறிடும். எண்ணூர் உப்புக்காத்துல கனெக்டர் பின் துரு பிடிக்கிறது சகஜம், அதனால ஒவ்வொரு எடையோடவும் அது வந்த நேரத்தையும் சேர்த்தே அனுப்புங்க. சர்வீஸை எழுதி முடிச்சதும் கேபிளைக் கழட்டிப் பாருங்க, ரெண்டு செகண்டுக்குள்ள ஸ்க்ரீன்ல எடை மறையணும், பிரிண்ட் பட்டனும் வேலை செய்யக்கூடாது.