அடித்தால் பிரியும் மரம்

வட அமெரிக்கப் பழங்குடியினரான அபெனாக்கி மக்கள் பின்னும் கூடையின் படத்தைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூங்கில் விளையாத ஊரில், ரம்பமும் இல்லாமல், மரத்திலிருந்து இத்தனை நீளமான மெல்லிய நாடாக்களை எப்படி உரிக்கிறார்கள்?"

அடித்துத்தான் உரிக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்து ஒடானாக், அமெரிக்காவின் வெர்மான்ட் என அபெனாக்கியர் வாழும் வட்டாரத்துச் சதுப்புகளில் கருப்பு ஆஷ் மரம் வளர்கிறது. வெட்டிய தண்டின் பட்டையைச் சீவி, கோடரியின் பின்புறத்தால் முனை முதல் முனை வரை இடம் விடாமல் அடிப்பார்கள். மரத்தில் ஆண்டுக்கொன்றாகச் சேரும் வளையங்களில் ஒன்று நாடாவாகக் கிளம்பிவிடும்.

காரணம் பனிக்காலம். தண்டிலுள்ள நீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்று குமிழிகளாகப் பிரிகிறது. பனி உருகியதும் அக்குமிழிகள், தண்டின் நுண்குழாய்களில் ஏறும் நீரோட்டத்தை அறுத்துவிடும். குழாய் அகலமானால் ஆபத்தும் அதிகம். ஆஷ் மரத்தின் வசந்தக் குழாய்களோ வெறும் கண்ணுக்கே துளைகளாகத் தெரியும். எனவே போன ஆண்டுக் குழாய்களில் பெரும்பாலானவை பயனற்றுப்போக, மரம் ஒவ்வொரு வசந்தத்திலும் இலை விரிக்குமுன் அவசர அவசரமாகப் புதுக்குழாய்களைக் கட்டுகிறது. அவற்றின் சுவர் மெல்லியது. கோடையில்தான் நிதானமாகத் தடித்த நார்ச்செல்களை அடுக்கும். கோடரி விழும்போது வசந்த அடுக்கு நசுங்கிப் பொடியாகிறது, கெட்டியான அடுக்கு கழன்று வருகிறது. ஒவ்வொரு நாடாவும் அம்மரத்தின் ஒரு கோடை!

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மரம் மெதுவாக வளர்ந்தால் வசந்த அடுக்கு அவ்வளவாகக் குறையாது, கோடை அடுக்குதான் சுருங்கும். அத்தகைய மரத்தின் நாடா வலுவற்றது. அதனால்தான் தண்டில் சிறு வெட்டுப் போட்டு வளையங்களைப் பார்த்த பிறகே மரத்தை வீழ்த்துகிறார்கள். இதைப் 'பழங்குடி மர்மம்' என்று சொல்லிப் புல்லரிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சுத்தமான மர உடற்கூறியல் இது.

பிறகு நாடாவை இரண்டாகப் பிளந்து, பல் வைத்த கருவியால் சீரான அகலத்துக்குக் கீறிப் பின்னுவார்கள். கூடவே சேர்த்துப் பின்னும் இனிப்புப்புல் என்ற வாசனைப் புல்லின் மணம் கூமரின் என்ற வேதிப்பொருளால் வருவது. 19ஆம் நூற்றாண்டில் ஒடானாக் குடும்பங்கள் கோடைதோறும் அமெரிக்க உல்லாச நகரங்களுக்குச் சென்று இக்கூடைகளை விற்றன.

இப்போது மரமே ஆபத்தில் இருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்து, 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகத ஆஷ் வண்டின் புழுக்கள், பட்டைக்கடியில் உணவு கடத்தும் திசுவைத் தின்று மரத்தைக் கொல்கின்றன. தண்டு காயாமலிருக்க அதை நீரில் அமிழ்த்தி வைப்பது கூடைக்காரர்களின் பழைய வழக்கம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் அதையே சோதித்துப் பார்த்தார்கள்: சில மாதங்கள் மூழ்கிக் கிடந்த தண்டில் புழுக்கள் செத்தன, மரம் அடித்து உரிக்கும் தன்மையை இழக்கவில்லை. குளமும் பொறுமையும் போதுமான இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி கேட்டால்தான் குழுக்கள் முகம் சுளிக்கின்றன என்பது என் நெடுநாள் புகார். ஆனால் ஊறவைப்பது வெட்டிய தண்டுகளுக்கு மட்டுமே உதவும். சதுப்பில் நிற்கும் மரத்தை அது காப்பாற்றாது.