மாற்றுமுறைச் சார்வு: சொல் விளக்கம்

வழக்குக் கட்டுகளில் 'சம்மன் சார்வு செய்யப்பட்டது' என்ற வரி அடிக்கடி வரும். சம்மன் எல்லோருக்கும் தெரியும். சார்வு என்றால்?

ஆங்கிலத்தில் இதைச் 'சர்வீஸ்' என்கிறார்கள். அடிமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் வேர்கொண்ட சொல் அது. நம் சொல்லோ 'சார்' என்ற வினையில் பிறந்தது. சென்று அடைதல், ஒட்டி நிற்றல் என்று பொருள். தாள் உரியவரைப் போய்ச் சேர்ந்தது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறது. 'சார்பு செய்தல்' என்று எழுதுவோரும் உண்டு, வேர் ஒன்றுதான். ஆனால் சார்பு என்றதும் ஒருவர் பக்கம் நிற்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் எனக்குச் சார்வுதான் சரியாகப் படுகிறது.

சரி, மனிதர் என்றால் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம். நிறுவனத்துக்குக் கை ஏது? இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 29, விதி 2இல் இதற்கு வழி சொல்கிறது: செயலரிடமோ இயக்குநரிடமோ வேறு முதன்மை அலுவலரிடமோ தரலாம், நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்தில் விட்டுவரலாம், அங்கே தபாலில் அனுப்பலாம். கூட்டாண்மை நிறுவனம் என்றால் கூட்டாளிகளில் ஒருவரிடம் சேர்த்தாலும் செல்லும். ஆனால் நிறுவனம் கலைந்துவிட்டது என்று தெரிந்தே வழக்குப் போட்டால், பொறுப்பாக்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும்.

இவை எல்லாம் சாதாரணச் சார்வுதான். இந்த வழிகளில் சேர்க்க முடியாதபோது, நீதிமன்ற உத்தரவோடு வேறு வழியில் சேர்ப்பதை ஆங்கிலத்தில் 'சப்ஸ்டிட்யூட்டட் சர்வீஸ்' என்கிறார்கள். அதுதான் மாற்றுமுறைச் சார்வு. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'பதிலிச் சார்வு' என்று மொழிபெயர்த்தால், உரியவருக்குப் பதிலாக வேறொருவரிடம் கொடுப்பது என்ற எண்ணம் வந்துவிடும். மாறுவது ஆள் இல்லை, முறை.

நிறுவனத்தின் அலுவலக முகவரிக்கு, சம்மனைக் கொண்டுசேர்க்கும் நீதிமன்ற ஊழியரான அமீனா போகிறார். ('நம்பத்தக்கவர்' என்று பொருள்படும் 'அமீன்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்த பெயர், அவர் எழுதித் தரும் அறிக்கையை நம்பித்தானே வழக்கே நகர்கிறது.) பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள். பூட்டில் துரு. தபாலில் போன உறையும் 'இடம் மாறிவிட்டார்' என்ற குறிப்போடு திரும்புகிறது. அப்புறம்தான் வாதி அதே சட்டத்தின் கட்டளை 5, விதி 20இன்கீழ் மனுப் போடுவார். எதிர்த்தரப்பு வேண்டுமென்றே ஒளிகிறது, அல்லது வழக்கமான வழியில் சேர்க்க முடியாது என்று நீதிமன்றம் நம்பினால், நீதிமன்றக் கட்டடத்திலும் கடைசியாகத் தொழில் நடந்த இடத்திலும் கண்ணில் படும்படி நகலை ஒட்டச் சொல்லும். அந்த வட்டாரத்தில் புழங்கும் நாளிதழில் விளம்பரம் தரவும் சொல்லலாம். அப்படிச் செய்தது நேரில் கொடுத்ததற்குச் சமம். வராவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். வாங்க மறுத்தால் அமீனாவே கதவில் ஒட்டிவிட்டு வருவதும் உண்டு. அது கட்டளை 5இன் விதி 17. அதற்கு நீதிமன்றத்தின் தனி உத்தரவு தேவையில்லை. இரண்டிலும் ஒட்டப்படுவது ஒரே தாள்தான் என்றாலும், மாற்றுமுறை என்ற பெயர் உத்தரவோடு நடப்பதற்கே பொருந்தும்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், தன் சார்பில் தாள்களை வாங்க நிறுவனம் பதிவு செய்து வைத்த முகவர் அகப்படாவிட்டால் மாநிலச் செயலர் அலுவலகத்தில் தாளைச் சேர்க்கலாம். இங்கிலாந்தில் 1999இல் புது உரிமையியல் விதிகள் வந்தபோது 'பதிலி' என்ற பழைய சொல்லையே விட்டுவிட்டு 'மாற்று முறையில் சேர்த்தல்' என்று எழுதினார்கள். அந்த வழியில் 2012இல் ஃபேஸ்புக் மூலமும், 2022இல் என்.எஃப்.டி. எனப்படும் மின்னணு வில்லை (பிளாக்செயினில் பதிவாவது) மூலமும் தாள் சேர்க்க அங்கே உயர் நீதிமன்றம் அனுமதித்தது.

அதனால் தமிழில் இப்படி எழுதலாம்: 'பிரதிவாதி நிறுவனத்துக்கு நாளிதழ் விளம்பரம் வழியாக மாற்றுமுறைச் சார்வு செய்ய உத்தரவிடப்படுகிறது.'