டிவிடி ட்ரைவ் வாங்க முதல் அடிமட்டத்தை எடுங்கள்

போன கிழமை வந்த ஒரு லப்டொப்பின் டிவிடி ட்ரைவ் பூட்டுகிற இடத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மதர்போட்டில் உள்ள சொக்கற் ஒரு பக்கம் கிளம்பியிருந்தது. அதற்குள் புது ட்ரைவின் பிளாஸ்டிக் நாக்கு முறிந்து நின்றது. "நேரா போகேல்லை அண்ணை, கொஞ்சம் சரிச்சுத் தள்ளினனான். பிறகு லப்டொப்பே ஓன் ஆகுதில்லை" என்றார் கொண்டுவந்த தம்பி. ஒரே ஒரு ஸ்குரூவைக் கழற்றிப் பூட்ட வேண்டிய வேலை, மதர்போட் வேலையாகிவிட்டது. இப்படி வருகிற லப்டொப்புகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் யாருக்கு டிவிடி வேண்டும் என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று எழுதிய இறுவட்டுகள் கிடக்கும். 1995 இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் எத்தனை! வெளிநாட்டுச் சொந்தங்களிடம் இருந்த படங்களை ஸ்கான் செய்து வாங்கி, அதை ஒரு சிடியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்த அம்மப்பாவின் முகம் வேறு எங்கும் இல்லை. ஆகவே ட்ரைவ் மக்கர் பண்ணினால் அதை அலட்சியமாக எடுக்க எனக்கு மனம் வராது.

முதலில், ட்ரைவ்தான் பழுதா என்று பாருங்கள். விண்டோஸ் 7 இருந்த லப்டொப்புக்கு விண்டோஸ் 10 போட்டதும் "டிவிடி ஓடுதில்லை" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். விண்டோஸ் 8 இலிருந்தே டிவிடிப் படம் ஓட்டும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளை இலவசமாக இறக்கிப் போட்டால் முடிந்தது. இறுவட்டு திறபடுகிறது, கோப்புகள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால் ட்ரைவில் கை வைக்காதீர்கள். சிடி வாசிக்கிறது, டிவிடி மட்டும் வாசிக்கவில்லை என்றால் அது வேறு கதை. இரண்டுக்கும் தனித்தனி லேசர். சிடிக்கு 780 நனோமீற்றர், டிவிடிக்கு 650. ஒன்று களைத்துப்போய் மற்றது நன்றாக இருப்பது வழமை. அப்படியென்றால் ட்ரைவ் மாற்ற வேண்டியதுதான்.

இனி, என்னைக் கோபப்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். "லப்டொப் ட்ரைவ் எல்லாம் ஒண்டுதானே!" இல்லை. ஒன்றில்லை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தடிப்பு வேறு. பழைய லப்டொப்புகளில் பெரும்பாலும் 12.7 மில்லிமீற்றர், பிறகு வந்த மெல்லியவற்றில் 9.5. வித்தியாசம் 3.2 மில்லிமீற்றர்தான், அதற்குள் என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். தடித்தது மெல்லிய இடத்துக்குள் போகாது, அது உடனே தெரிந்துவிடும், ஆகவே அதில் சேதம் குறைவு. மெல்லியதைத் தடித்த இடத்துக்குள் போடுவதுதான் ஆபத்து. உள்ளே போகும், ஆடும், பின்பக்க இணைப்பு சொக்கற்றின் உயரத்துக்கு வராது. வராததை வரவைக்கத் தள்ளுவீர்கள். அந்தத் தம்பியின் லப்டொப்புக்கு நடந்தது இதுதான். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டம் இருக்கும் அல்லவா? பழைய ட்ரைவைக் கழற்றி, முன்னால் உள்ள பிளாஸ்டிக் முகப்பை விட்டுவிட்டு, தகரப் பெட்டியின் தடிப்பை அளந்து பாருங்கள். அதன் பிறகு காசு கொடுங்கள்.

இணைப்பும் இரண்டு வகை. 2000களின் பிற்பகுதி வரை வந்த லப்டொப்புகளில் ஐடிஇ, 50 பின் உள்ள அகன்ற இணைப்பு. பிறகு வந்தவற்றில் சாட்டா. தரவுக்கு 7 பின், மின்சாரத்துக்கு 6 பின் என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாக்கு. ஒன்றை மற்றதில் பூட்ட வழியே கிடையாது. கடைக்காரர் "எல்லாத்துக்கும் சரிவரும்" என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். பழைய ட்ரைவின் மேலே ஒட்டியிருக்கும் மொடல் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய், அதையே அல்லது அதே தடிப்பும் இணைப்பும் உள்ளதைக் கேளுங்கள்.

லென்ஸ் துடைக்கிற கதை இன்னொன்று. அந்தச் சின்னக் கண் மயிர் போன்ற கம்பிகளில் தொங்குகிறது. சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தால் அது சரிந்துவிடும். காற்றடிக்கும் பம்பால் ஊதுங்கள். போதாவிட்டால் ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் தொட்ட பஞ்சால் மெதுவாக ஒரு தொடுகை. அவ்வளவுதான். வீடியோ பார்த்து லேசர் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்குரூவைத் திருப்பிச் சக்தியைக் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கொஞ்ச நாள் வாசிக்கும், பிறகு லேசர் எரிந்துபோகும்.

ட்ரைவ் திக்கத் தொடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, வாசிக்கிற இறுவட்டுகளை எல்லாம் உடனே பிரதி எடுப்பது. வீட்டில் பதிந்த இறுவட்டில் தகவல் ஒரு சாயப் படையில் இருக்கிறது. எங்கள் ஊர் வெக்கையும் ஈரக்காற்றும் அதற்குக் கூடாது. தகர அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். வீடியோக்காரர் தந்த டிவிடி என்றால் உள்ளே 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறை இருக்கும். அதை முழுதாக அப்படியே ஹாட் டிஸ்க்குக்கு எடுங்கள். சாதாரண டிவிடி ஒன்று 4.7 ஜிபிதான். நடுவில் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸில் 'டிடிரெஸ்கியூ' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. வாசிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் மிச்சத்தை முதலில் எடுத்துவிடும். விட்ட இடங்களை வேறொரு ட்ரைவில் போட்டு மறுபடி முயலலாம். ஒரு ட்ரைவ் கைவிட்டதை இன்னொன்று வாசிப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பிரதி எடுப்பதுதான் தேவை என்றால் உள்ளே பூட்டுகிற ட்ரைவே வேண்டாம் என்பேன். வெளியே யுஎஸ்பியில் செருகுகிறதை வாங்குங்கள், நாளைக்கு வேறு லப்டொப்பிலும் உதவும். பழைய யுஎஸ்பி 2 துளை 500 மில்லி அம்பியர் வரைதான் கொடுக்கும். இறுவட்டு சுழலத் தொடங்கும்போது ட்ரைவ் அதைவிடக் கூட இழுக்கும். டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றால் ட்ரைவைக் குறை சொல்லாமல், இரண்டு துளையிலும் செருகுகிற வயரைப் போடுங்கள்.

உள்ளேதான் மாற்றப் போகிறீர்கள் என்றால், சரி. லப்டொப் ஓடும்போதே தட்டைத் திறந்து இறுவட்டை எடுங்கள். திறபடாவிட்டால் முகப்பில் உள்ள சின்னத் துளைக்குள் கடதாசிக் கிளிப்பை நிமிர்த்திக் குத்துங்கள். லப்டொப்பை நிறுத்தி, சார்ஜரையும் பற்றரியையும் கழற்றுங்கள். அடியில் உள்ள ஸ்குரூவை எடுத்தால் ட்ரைவ் நேராக வெளியே வழுக்கி வரும். சில திங்க்பாட், டெல் லட்டிட்யூட் மொடல்களில் ஸ்குரூவும் இல்லை, பிடியை இழுத்தால் போதும். ஸ்குரூவை எடுத்தும் அசையாவிட்டால் நெம்ப வேண்டாம், இன்னொரு ஸ்குரூ கீபோட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். புதியதை நேராக, இரண்டு விரலால் தள்ளினாலே போய்ப் பொருந்த வேண்டும். அதற்கு மேல் பலம் கேட்டால் வெளியே எடுங்கள்.

புது ட்ரைவில் இறுவட்டை வைக்கும்போது தட்டுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, நடுவில் அழுத்தி 'டக்' என்று இருக்க விடுங்கள். மேலே கடதாசி ஸ்ரிக்கர் ஒட்டிய கலியாண வீட்டு டிவிடிகளில் கவனம். சூட்டில் ஸ்ரிக்கர் கிளம்பி உள்ளே சிக்கிக்கொள்ளும்.

பழைய ட்ரைவை மட்டும் உடனே குப்பைக்குள் போட்டுவிடாதீர்கள். முன்னால் உள்ள முகப்பும் பின்னால் உள்ள சின்னத் தகரப் பிடியும் உங்கள் லப்டொப்புக்கென்றே செய்தவை. புது ட்ரைவோடு அவை பெரும்பாலும் வராது. பழையதிலிருந்துதான் கழற்றி மாட்ட வேண்டும். என்னிடம் வருவதென்றாலும் அதைக் கையோடு கொண்டு வாருங்கள்.