டேனரி என்னும் சொல்லும் ஒரு வங்காள டாக்டரும்

டாக்டர், தோல் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொன்னால் நமக்குப் படர்தாமரையும் முகப்பருவும்தான் நினைவுக்கு வரும். நீல்ரதன் சர்க்கார் விஷயத்தில் அது மாட்டுத்தோல். கல்கத்தாவின் முன்னணி டாக்டர்களில் ஒருவரான அவர், சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில் நேஷனல் டேனரி என்றொரு ஆலையைத் தொடங்கினார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்த ‘டேனரி’யில்தான் பேனா நின்றது. செய்தித்தாள்கள் ‘தோல் பதனிடும் ஆலை’ என்கின்றன. திண்டுக்கல் பக்கம் ‘தோல் ஷாப்பு’. தனித்தமிழில் பற்றுள்ள என் நண்பர் ஒருவர் ‘துவரூட்டு ஆலை’ என்று எழுதச் சொன்னார். எடுத்த எடுப்பில் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஏன் என்றால், டேனரியின் வேர் ஒரு மரப்பட்டை. இடைக்கால லத்தீனில் ‘தன்னும்’ என்றால் இடித்துப் பொடித்த ஓக் மரப்பட்டை. அந்தச் சொல்லும் லத்தீனுக்குச் சொந்தமில்லை, கெல்டிக் மொழிகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது சொல்லாய்வாளர்களின் பொதுக்கருத்து. பிரான்சின் வடமேற்கு மூலையில் பேசப்படும் பிரெத்தோன் மொழியில் ‘தன்’ என்றால் இன்றும் ஓக் மரம்தான். ஓக் பட்டை ஊறிய நீரில் தோலைப் போட்டு எடுப்பது டேன் செய்வது, அதைச் செய்யும் இடம் டேனரி, பட்டையில் இருக்கும் சத்து டேனின். வெயிலில் மேனி கருப்பதை வெள்ளைக்காரர்கள் டேன் என்பதும் அந்தப் பழுப்பு நிறத்தை வைத்துத்தான்.

அந்தச் சத்தை நாம் நாக்கால் அறிந்திருக்கிறோம். பாக்கை மென்றால், வாழைப்பூவை ஆயாமல் சமைத்தால், கடுக்காயைக் கடித்தால் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான் துவர்ப்பு. துவர்ப்பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக் கட்டிவிடுவதால் வரும் உணர்ச்சி அது. தொட்டியில் ஊறும் தோலிலும் இதே காரியம்தான் நடக்கிறது. புரத இழைகளைத் துவர்ப்பொருள் பிணைத்துவிடுவதால் அழுகல் கிருமிகளுக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது. ஓக் மரம் இல்லாத நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இந்த வேலையைச் செய்தன. அப்படி அரைப்பதமாக்கிய சென்னை மாகாணத் தோல்கள் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறின. துவர் என்ற சொல்லுக்கு வயதும் அதிகம். பௌத்தத் துறவிகளின் காவி ஆடையைத் துவராடை என்றுதான் பழந்தமிழில் சொன்னார்கள். சுவை, சாயம், பட்டை மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. நண்பர் வென்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

அவரைத் தோற்கடித்தவர் நீல்ரதன்.

1861-இல் டைமண்ட் ஹார்பர் வட்டாரத்தில் நேத்ரா என்ற ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். முதலில் படித்தது கல்கத்தாவின் கேம்பல் மருத்துவப் பள்ளியில். அங்கே கிடைத்தது இரண்டாம் நிலை மருத்துவச் சான்று. அதோடு நில்லாமல், இடையில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து, பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து எம்.டி. வரை படித்தார். 1919 முதல் 1921 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ரவீந்திரநாத் தாகூரின் நண்பர், மருத்துவர். 1937-இல் தாகூர் சாந்திநிகேதனில் நினைவிழந்து விழுந்தபோது கல்கத்தாவிலிருந்து போய்ப் பார்த்தவர். பிழைத்தெழுந்த கவிஞர் மறு ஆண்டு ‘செஞ்சுதி’ என்ற கவிதைத் தொகுப்பை அவருக்குக் காணிக்கையாக்கினார். இரண்டாம் நிலைச் சான்று தந்த அந்தக் கேம்பல் பள்ளி இன்று அவர் பெயரில்தான் நிற்கிறது: நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி.

இப்படிப்பட்டவர் தோலுக்கு எப்படி வந்தார்? 1905-இல் வங்கப் பிரிவினை. அந்நியப் பொருளை வாங்காதே என்றது ஊர். சரி, வாங்கவில்லை, காலுக்குச் செருப்பும் குளிக்கச் சோப்பும் எங்கே? கோஷம் போட்டவர்களில் இந்தக் கேள்விக்குக் கையிலிருந்த பணத்தால் பதில் சொன்ன சிலரில் நீல்ரதன் ஒருவர். நேஷனல் சோப்புத் தொழிற்சாலை, நேஷனல் டேனரி, ரங்காமாட்டி தேயிலைக் கம்பெனி எனப் போட்டுக்கொண்டே போனார். ஆலைக்கு ஆள் வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. 1906-இல் தொடங்கிய வங்கத் தொழில்நுட்பப் பயிலகத்துக்கு முன்னின்றவர்களில் அவரும் உண்டு. இன்றைய ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் அதிலிருந்து முளைத்தது. மருத்துவத்தில் சம்பாதித்ததில் பெரும்பகுதியை இந்தத் தொழில்களில் இழந்தார். அவரைத் ‘தொழிலதிபர்’ என்று எழுதக் கை கூசுகிறது. அதிபர் என்றால் ஆள்பவர். இவரைத் தொழில்கள் ஆண்டன.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. மாட்டுத்தோலைத் தொட்டு வேலை செய்வது வங்காளத்திலும் முச்சி, சாமார் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருந்தது. படித்த மேல்தட்டு ‘பத்ரலோக்’ குடும்பங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போகும் தொழில் அது. நீல்ரதன் சாதி வேற்றுமையை எதிர்த்த பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தவர், அது கொஞ்சம் உதவியிருக்கும். அதைவிட, அவர் படித்த கல்லூரியை நினைக்கிறேன். மதுசூதன் குப்தா என்ற வைத்தியர் 1836-இல் தீட்டை மீறிப் பிணத்தை அறுத்துப் படித்தது அங்கேதான். பிணத்தைத் தொட்ட பரம்பரைக்குத் தோல் ஒரு பொருட்டா?

இனி நண்பரின் சொல் உடையும் இடம். நேஷனல் டேனரி கைக்கொண்டது பழைய பட்டை முறையை அல்ல, குரோம் முறையை. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கிய புது வித்தை அது. பட்டையும் கிடையாது, துவர்ப்பும் கிடையாது, குரோமிய உப்புக் கரைசல் மட்டும். பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கிடக்க வேண்டிய தோல், உருளும் பீப்பாயில் ஓரிரு நாளில் தேறிவிடும். வெளியே வரும்போது வெளிர்நீலமாக இருக்கும். தொழிலில் அதற்கு ‘வெட் புளூ’ என்றே பெயர். நன்றாகத் தேறியதா என்று பார்க்க ஒரு துண்டைக் கொதிநீரில் போடுவார்கள். பட்டைத் தோல் சுருண்டுவிடும், குரோம் தோல் தாக்குப்பிடிக்கும். சென்னையிலும் அதே காலத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த குரோம் லெதர் கம்பெனி தன் பெயரை ஓர் ஊருக்கே கொடுத்துவிட்டது. குரோம்பேட்டையில் ரயில் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குரோம் தோலுக்குப் போட்ட குரோம் என்று தெரியும்?

ஆக, குரோம் ஆலையைத் துவரூட்டு ஆலை என்றால் பொய். வேடிக்கை என்னவென்றால், டேனரி என்பதும் அதே பொய்தான். ஓக் பட்டை போன பிறகும் ஆங்கிலம் பழைய பெயரை இழுத்துக்கொண்டு திரிகிறது.

பதனிடு என்ற சொல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அறம் அறன் ஆவதும் நலம் நலன் ஆவதும் போலப் பதம் பதன் ஆகிறது. இலக்கணத்தில் இது கடைப்போலி. பதம் என்றால் ஒரு பொருள் தன் பயனுக்கு ஏற்ற நிலைக்கு வருவது. சோற்றுக்குப் பதம் உண்டு, பாகுக்குப் பதம் உண்டு, உழவுக்கு மண்ணின் பதம் உண்டு. எதைப் போட்டுக் கொண்டுவந்தாய் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ஆவாரம்பட்டையா, குரோமா, நாளைக்கு வரப்போகும் வேறொன்றா, எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. பதனீரை நினைத்துப் பாருங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதனீர், தடவாவிட்டால் கள். புளித்துப்போகிற ஒன்றைத் தடுத்து நிறுத்துவது அங்கே பதன். தோல் ஷாப்பிலும் முதல் வேலை சுண்ணாம்புக் குழியில்தான் தொடங்குகிறது, அங்கே அது மயிரைக் கழற்ற.

அருகில் இருக்கும் இரண்டு சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘பாடம் செய்தல்’ வேறு: வேட்டையாடிய புலியை உருவமும் மயிரும் கலையாமல் காப்பது அது. புகையிலைக்கும் பாடம் போடுவார்கள். ‘பதப்படுத்துதல்’ இன்று மீனுக்கும் பழத்துக்கும் போய்விட்டது, அதை அங்கேயே விட்டுவிடலாம். தோல் என்ற சொல்லும் கொஞ்சம் கவனம் கேட்கிறது. உயிரோடிருக்கும் ஆட்டின் மேல் இருப்பதும் தோல், பர்ஸாகிப் பையில் இருப்பதும் தோல். வியாபாரிகள் பச்சைத் தோல், பதனிட்ட தோல் என்று பிரித்துச் சொல்கிறார்கள். வங்காளியும் உரித்த தோலைக் ‘காஞ்சா சாம்டா’ என்பான், காஞ்சா என்றால் பச்சை.

எனவே கட்டுரையில் நான் எழுதிய வாக்கியம் இது: ‘நீல்ரதன் சர்க்கார் நேஷனல் டேனரி என்ற பெயரில், குரோம் முறையில் தோல் பதனிடும் ஆலை ஒன்றைக் கல்கத்தாவில் தொடங்கினார்.’ கம்பெனியின் பெயரில் டேனரி அப்படியே இருக்கட்டும். துவரூட்டு என்பதையும் தூக்கி எறிய வேண்டாம் என்று நண்பரிடம் சொன்னேன். ஆவாரம்பட்டையில் ஊறிய தோலைத் தனித்துச் சொல்ல ஒரு சொல் வேண்டும்தானே. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. குரோமுக்குத் தமிழ் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.