கவுண்டரில் கையெழுத்திடும் முன்

"விமானம் ரத்தானது, டிக்கெட் பணத்தையும் திருப்பித் தந்துவிட்டார்கள். இனிமேல் என்ன கேட்க முடியும்?" பயணிகளின் வழக்குகளை நடத்தும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. திரும்பி வந்தது உங்கள் சொந்தப் பணம். இழப்பீடு அதிலிருந்து வேறானது. அதைக் கேட்காமலே வீடு திரும்புகிறவர்களைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பன்னாட்டுப் பயணங்கள் பெரும்பாலானவற்றுக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைதான் அடிப்படை. தாமதத்தால் நேரும் நட்டத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. நட்டத்தைத் தவிர்க்க நியாயமாகச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம், அல்லது செய்ய வழியே இருக்கவில்லை என்று நிரூபிக்கும் சுமையும் நிறுவனத்துடையதே. ஆனால் நட்டத்தை நீங்கள் காட்ட வேண்டும். மன உளைச்சலுக்கு இதில் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. விடுதி, டாக்சி, சாப்பாடு என எல்லா ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி வேறு வகை. அங்கிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும், அங்கே வந்து சேரும் ஒன்றிய நிறுவனங்களின் விமானங்களுக்கும் அது பொருந்தும். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. நட்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

இதில் 'சேர்ந்த நேரம்' என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரமல்ல. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நேரம். ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் சொன்னது இது. நான் நடத்திய ஒரு வழக்கு இந்தக் கதவில்தான் நின்றது. தரையிறங்கியபோது தாமதம் 2 மணி 51 நிமிடம். நிறுவனம் அதையே பிடித்துக்கொண்டது. என் கட்சிக்காரரோ, இடைவழியில் பைகளுடன் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தார். படத்தின் ஓரத்தில் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. படம் எடுத்த நேரத்தைப் பார்த்தோம்: அப்போது தாமதம் மூன்று மணி நேரம் தாண்டி நான்கு நிமிடம். பணம் வந்தது.

அடுத்தது காரணம். 'இயக்கக் காரணங்கள்' என்று ஒரு வரி மின்னஞ்சல் வரும். அதை ஏற்காதீர்கள், என்ன நடந்தது என்பதை எழுத்தில் கேளுங்கள். கடும் வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்றவை நிறுவனத்தின் கையை மீறியவையாக இருக்கலாம்; அப்போது இந்த இழப்பீடு கிடைக்காமல் போகலாம். ஆனால் வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு அப்படிப்பட்டதல்ல என்று அதே நீதிமன்றம் 2008-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அப்படியும் அந்தக் கோளாறையே சாக்காகச் சொல்லும் கடிதங்கள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன.

களைத்துப்போன நள்ளிரவில் கவுண்டரில் நீட்டப்படும் வவுச்சர்தான் எனக்குப் பெரிய கவலை. ஐரோப்பிய விதியின்படி, பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் இழப்பீட்டை வவுச்சராகக் கொடுக்க முடியும். அந்தக் கையெழுத்தைத்தான் கேட்கிறார்கள். சாப்பாட்டுக் கூப்பனை வாங்கிக்கொள்ளுங்கள்; 'முழுத் தீர்வாக ஏற்கிறேன்' என்ற வரி உள்ள தாளில் மட்டும் கையெழுத்திட வேண்டாம்.

நாள் கணக்கும் முக்கியம். மான்ட்ரியல் உடன்படிக்கையின் 35-ஆவது பிரிவின்படி, விமானம் சேர்ந்த அல்லது சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நிறுவனத்துடன் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதாலேயே அந்தக் கெடு நின்றுவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். ஒரு பெண்மணி போர்டிங் பாஸ், விடுதி ரசீது, 14 மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு வந்தார். அவ்வளவு நேர்த்தியான கோப்பை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கெடு முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.