உறுதிமொழியா, வாழ்த்து வரியா?

“இன்றைய உறுதிமொழி: நான் அமைதியாக இருப்பேனாக.” தியானச் செயலி ஒன்றில் தினமும் இதைக் கேட்டு, எனக்கு இருந்த கொஞ்ச அமைதியும் போய்விட்டது.

மூச்சைக் கவனிக்கையில், கோபம் வருகையில் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் குட்டி வரிகளைத்தான் இப்படி அழைக்கிறார்கள். பௌத்தத்தில் இவற்றில் ஒரு வகைக்குக் காதா என்று பெயர். ‘பாடுதல்’ என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல். மணிமேகலையின் பகுதிகளைக் காதை என்கிறோமே, அதுவேதான். கை கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கும் காதா சொல்லிப் பழகச் சொன்னவர் வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான். இன்னொரு வகை மைத்திரி தியானத்தில் வருவது: தனக்கு, வேண்டியவருக்கு, வேண்டாதவருக்கு, கடைசியில் எல்லா உயிருக்கும் நலம் நினைப்பது.

சரி, இதில் உறுதி எங்கே வந்தது? அஃபர்மேஷன் (affirmation) என்ற ஆங்கிலச் சொல்லின் உள்ளே ‘உறுதியாக்கு’ என்ற பொருள் கிடப்பதைப் பார்த்து யாரோ ஒட்டிவிட்டார்கள். தமிழில் உறுதிமொழி என்றால் நாலு பேர் முன்னால் கைநீட்டி எடுப்பது. எடுத்தபின் மீறினால் குற்றம். ‘பொறுமையாக இருப்பேன்’ என்று காலையில் உறுதி எடுத்துவிட்டு மத்தியானமே கத்தினால், கத்திய வருத்தத்தோடு சொல் தவறிய வருத்தமும் சேரும். தன்மேல் கருணை வளர்க்க வந்த பயிற்சிக்கு இது நேர் எதிர்.

வேறு சிலர் மந்திரம் என்கிறார்கள். தொல்காப்பியம் மந்திரத்தை நிறைமொழி மாந்தர் ஆணையிட்டுச் சொன்ன மறைமொழி என்கிறது. நாமே எழுதி, பிடிக்காவிட்டால் நாளைக்கே மாற்றிக்கொள்ளும் வரியில் ஆணையும் இல்லை, மறையும் இல்லை.

இது சத்தியமும் இல்லை, கட்டளையும் இல்லை, விருப்பம். அதைச் சொல்ல நம் இலக்கணத்தில் வியங்கோள் என்ற வினை வடிவம் இருக்கிறது: வாழ்க, வருக, இருக்கட்டும். ஆகவே ‘வாழ்த்து வரி’ என்பேன். விழாப் பத்திரிகை வாடை அடிக்கிறது என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். அடிக்கட்டும், பொருள் தெளிவாக இருக்கிறது.

தன்னைத்தானே வாழ்த்தலாமா என்பது நியாயமான கேள்வி. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்கிறது தொல்காப்பியம். எல்லா இடத்துக்கும் வரும் என்கிறது நன்னூல். நான் நன்னூல் கட்சி. ஆனாலும் காதில் உறுத்துவது தன்மைதான். ‘இருப்பேனாக’ என்று வீட்டில் யார் பேசுகிறார்கள்? ‘என் மனம் ஆறட்டும்’ என்று மனத்தைப் படர்க்கையில் நிறுத்திவிட்டால் இரண்டு நூலுக்கும் சம்மதம், நாக்குக்கும் சுளுக்கு இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும், இது தானாகவே வந்திருக்கும்.

அதே செயலியில் ‘நினைவாற்றல் பயிற்சி’ என்றும் ஒரு பகுதி உண்டு. வைத்த இடம் மறந்த மூக்குக்கண்ணாடிக்கு வழி கிடைக்கும் என்று நம்பித் திறந்தேன். அப்புறம்தான் புரிந்தது, செய்யும் வேலையில் மனத்தை வைப்பதற்கு அங்கே வைத்திருக்கும் பெயர் அது.